ஒரே ஏரி, ஒரே புல்: மாட்டுக்கும் மானுக்கும் நடுவே நோய் எப்படிப் பயணிக்கிறது? ராபர்ட் கோக் வாழ்க்கை சொல்லும் பாடம்

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் தினமும் போய் வருபவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுற்றுச்சுவர். ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நிற்கும். சுவருக்கு வெளியே, போன மழையில் முளைத்த புல்லை நாலஞ்சு மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். மாட்டு முதுகில் உண்ணிக்கொக்கு. கொஞ்சம் தள்ளி ஏரி. அந்த ஏரியில் மாடும் குடிக்கும், நாயும் குடிக்கும், வலசை வந்த பறவையும் இறங்கும், பக்கத்துக் காப்புக்காட்டிலிருந்து இரவில் வரும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் குடிக்கும்.

ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் வட்டாரத்தில் கம்பெனிகள் வந்தபிறகு மாடுகள் காணாமல் போய்விடவில்லை. மேய்ச்சல் நிலம்தான் சுருங்கியது. முன்பு பரந்து மேய்ந்தவை இப்போது மிச்சமிருக்கும் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் நெருக்கியடித்து மேய்கின்றன. இடம் சுருங்கும்போது காட்டு விலங்கும் வீட்டு விலங்கும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டியதாகிவிடுகிறது.

அப்படிச் சாப்பிட்டால் என்ன ஆகும்? நோய் காட்டிலிருந்து மாட்டுக்கு வருகிறதா, மாட்டிலிருந்து காட்டுக்குப் போகிறதா? நாம் குடிக்கிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இந்தக் கேள்விகளோடு கிட்டத்தட்ட 35 வருஷம் மல்லுக்கட்டிய ஒரு மனிதர் இருந்தார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்காக நாம் படித்த ராபர்ட் கோக்தான் அவர். பாடப்புத்தகம் அவருடைய வெற்றியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. அவர் தப்பாகச் சொன்ன விஷயங்களும் இன்றைக்கு நமக்கு அதே அளவு தேவைப்படுகின்றன.

சுரங்க ஊர்ப் பையன்

ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊர். அங்கே 1843 டிசம்பர் 11 அன்று கோக் பிறந்தார். அப்பா சுரங்க அதிகாரி. வீட்டில் மொத்தம் 13 பிள்ளைகள். ஐந்து வயதிலேயே செய்தித்தாளை வைத்துத் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள்.

1862-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே யாக்கோப் ஹென்லே என்று ஒரு பேராசிரியர். தொற்றுநோய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிரிகள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 1840-லேயே எழுதியவர். நிரூபிக்கத்தான் அவரிடம் வழி இல்லை. அந்த வேலை மாணவனுக்கு மிச்சம் இருந்தது.

1866-ல் கோக் டாக்டர் ஆனார். அடுத்த வருஷம் எம்மி என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். கப்பல் டாக்டராக உலகம் சுற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாழ்க்கை அவரைச் சின்னச் சின்ன ஊர்களாக அலைக்கழித்தது. பிரான்சோடு நடந்த போரில் ராணுவ டாக்டராகப் போய் வந்தார். 1872-ல் வொல்ஸ்டைன் என்ற ஊருக்கு மாவட்ட மருத்துவ அதிகாரியாகப் போனார். இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது. நம்மூர்க் கணக்கில் ஒரு தாலுகா அரசு டாக்டர் வேலை.

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு ஆய்வகம்

வொல்ஸ்டைன் சுற்றுவட்டாரத்தில் ஆடு, மாடுகள் திடீர் திடீரென்று செத்து விழுந்தன. காலையில் நன்றாக மேய்ந்த மாடு சாயங்காலம் பிணம். மேய்த்தவர்களுக்கும் தோல் உரித்தவர்களுக்கும் உடம்பில் கறுப்பு நிறப் புண். அதுதான் ஆந்த்ராக்ஸ். தமிழில் அடைப்பான் நோய்.

இதில் ஒரு புதிர் இருந்தது. சில மேய்ச்சல் நிலங்களுக்கு ‘ராசி இல்லாத நிலம்’ என்றே பெயர். ஒரு வருஷம் அங்கே மாடு செத்தால், நிலத்தைக் காலியாகப் போட்டுவிட்டுச் சில வருஷம் கழித்து மேய்த்தாலும் மறுபடி சாகும். நோயாளி மாடே இல்லாத நிலத்தில் நோய் எங்கிருந்து வருகிறது?

கோக்கிடம் ஆய்வகம் இல்லை, நூலகம் இல்லை. நோயாளிகளைப் பார்க்கும் அறையில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் ஆராய்ச்சி. நுண்ணோக்கியை எம்மி பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. செத்த ஆட்டின் மண்ணீரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தை மரச்சில்லில் தொட்டு எலியின் வால் அடியில் வைத்தார். எலி செத்தது. அந்த எலியிலிருந்து இன்னொரு எலி, அதிலிருந்து இன்னொன்று. இருபது தலைமுறை போனாலும் அதே கோல் வடிவக் கிருமி, அதே சாவு.

அப்புறம் மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த தெளிவான நீரில் அந்தக் கிருமியை வளர்த்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். கோல்கள் நீண்டு நூலாகின. நூலுக்குள் சின்னச் சின்ன மணிகள் தோன்றின. நூல் கரைந்துபோனாலும் மணி அப்படியே இருந்தது. காய வைத்தாலும் சாகவில்லை. மறுபடி சத்தான நீரில் போட்டால் கோலாக முளைத்தது. நெல்லும் விதைநெல்லும் மாதிரி.

அந்த மணிக்குப் பெயர் ஸ்போர், தமிழில் வித்து. ‘ராசி இல்லாத நிலம்’ புதிர் அவிழ்ந்தது. மண்ணில் வித்தாகத் தூங்கும் கிருமி, புல்லோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போய் முளைக்கிறது. 1876-ல் கோக் தன் எலிகளையும் கண்ணாடித் தகடுகளையும் மூட்டை கட்டிக்கொண்டு பிரெஸ்லாவ் நகரத்துக்குப் போய்ப் பேராசிரியர் பெர்டினாண்ட் கோனிடம் செய்து காட்டினார். அந்த வருஷமே கட்டுரை வெளியானது. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட கிருமிதான் காரணம் என்பது முதல்முறையாகத் தெளிவாக நிரூபணமானது.

இது இன்றைக்கு நமக்கு ஏன் முக்கியம்?

இந்த வித்துக்கு ஒரு குணம் உண்டு. மாடு உயிரோடு இருக்கும்போது அதன் உடம்புக்குள் கிருமி வித்தாக மாறுவதில்லை. காற்று பட்டால்தான் மாறும். ஆகவே திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசியும் மாட்டை அறுத்தால், நாமே கோடிக்கணக்கான வித்துகளை மண்ணில் தூவுகிறோம் என்று அர்த்தம். அவை பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். அடுத்து அந்தப் புல்லை மேய்வது மாடா, மானா என்று வித்து பார்க்காது.

2022 ஜூன் மாதக் கடைசியில் கேரளத்தின் அதிரப்பள்ளி காட்டுப் பகுதியில் காட்டுப்பன்றிகள் செத்தன. காரணம் ஆந்த்ராக்ஸ் என்று உறுதியானது. உடனே சுற்றியிருந்த ஊர்களின் வீட்டு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். பன்றிக்கு வந்தால் மாட்டுக்கு எதற்கு ஊசி என்று கேட்டால், பதில் 1876-லேயே இருக்கிறது. இரண்டும் தொடுவது ஒரே மண்.

பெர்லின், காசநோய், மார்ச் 24

1880-ல் கோக்கை பெர்லினுக்கு அழைத்தார்கள். ஆய்வகமும் உதவியாளர்களும் கிடைத்தார்கள். கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்க முதலில் வெட்டிய உருளைக்கிழங்கு, பிறகு ஜெலட்டின் என்று முயன்றார். வெயில் காலத்தில் ஜெலட்டின் உருகிவிடும். உதவியாளர் ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸ, சமையலில் பயன்படுத்தும் அகர் அகரைப் போட்டுப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னார். நம்மூரில் கடல்பாசி ஜெல்லி செய்வோமே, அதே பொருள்தான். இன்றுவரை உலகம் முழுக்க ஆய்வகங்களில் ஓடுவது அந்தச் சமையலறை யோசனை.

1882 மார்ச் 24. காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுவிட்டதாக பெர்லினில் அறிவித்தார். ஐரோப்பாவில் ஏழு சாவுகளில் ஒன்று காசநோயால் என்று கணக்குச் சொன்ன காலம் அது. மார்ச் 24 உலகக் காசநோய் தினமாக இருப்பது இதனால்தான்.

கல்கத்தா குளம்

1883-ல் எகிப்தில் காலரா. கோக் அங்கே போனார். அங்கே நோய் ஓய்ந்துவிட்டதால், கிருமியைத் துரத்திக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். 1884 தொடக்கத்தில் கமா வடிவக் கிருமியைத் தனியாகப் பிரித்தார். அதோடு நிறுத்தவில்லை. நகரத்தை ஒட்டிய ஒரு குளத்தைச் சுற்றி இருந்த குடிசைகளில் காலரா பரவியதைக் கவனித்தார். நோயாளியின் துணியை அலசியதும், குளித்ததும், குடிக்க மொண்டதும் அதே குளம். குளத்துத் தண்ணீரிலேயே அந்தக் கிருமி இருந்தது.

வித்து மண்ணில் இருக்கிறது, கமா தண்ணீரில் இருக்கிறது. பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு பொருள்தான் நோய்க்குப் பாலம் என்பதை இரண்டாவது முறையாகக் காட்டினார். ஏரியைப் பொதுச் சொத்தாக வைத்திருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இதைவிட நேரடியான பாடம் இல்லை.

முதல் சறுக்கல்

புகழ் உச்சியில் இருந்தபோதுதான் கால் வழுக்கியது. 1890-ல் காசநோய்க்கு மருந்து கண்டுவிட்டதாக அறிவித்தார். பெயர் டியூபர்குலின். அதில் என்ன இருக்கிறது என்று முதலில் வெளியே சொல்லவில்லை. உலகம் முழுவதிலுமிருந்து நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினார்கள். மருந்து குணப்படுத்தவில்லை. சிலருக்கு நோய் முற்றியது, சிலர் இறந்தார்கள். பெரிய அவமானம்.

இதில் ஒரு திருப்பம். மருந்தாகத் தோற்றது சோதனையாக ஜெயித்தது. காசநோய்க் கிருமி உடம்புக்குள் இருந்தால், டியூபர்குலின் ஊசி போட்ட இடம் வீங்கும். இன்றும் நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் கையில் போட்டு, இரண்டு நாள் கழித்து வட்டம் அளக்கிறார்களே, அந்த மாண்டூ டெஸ்டுக்கு மூலம் இதுதான். மாட்டுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கவும் இதே வழிதான்.

சொந்த வாழ்க்கையிலும் புயல். 1893-ல் எம்மியை விவாகரத்து செய்துவிட்டு, தன்னைவிட ஏறக்குறைய 30 வயது இளைய நடிகை ஹெட்விக்கைத் திருமணம் செய்தார். பெர்லின் வட்டாரம் முகம் சுளித்தது. கோக்குக்கு வெளிநாட்டுப் பயணங்கள் அதிகமாயின. இளம் வயதில் ஆசைப்பட்ட உலகப் பயணம் ஐம்பது வயதுக்கு மேல் கிடைத்தது. அதில் அவர் அதிகம் சந்தித்த நோயாளிகள் மாடுகள்.

வெக்கை நோய்: கிம்பர்லியிலிருந்து முக்தேசர் வரை

ரிண்டர்பெஸ்ட். தமிழில் வெக்கை நோய். காய்ச்சல், வாய்ப்புண், கண்ணீர், நிற்காத கழிச்சல், ஒன்றிரண்டு வாரத்தில் சாவு. இந்தியாவிலும் ஆசியாவிலும் நூற்றாண்டுகளாக இருந்த நோய். 1880-களின் இறுதியில் கால்நடைகளோடு கப்பலேறி ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கியது. அங்கே மாடுகள் மட்டும் சாகவில்லை. காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி, மான் இனங்கள் எல்லாம் கூட்டம் கூட்டமாகச் செத்தன. உழவு மாடு போனதால் எத்தியோப்பியாவில் பஞ்சம் வந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

1896-ல் நோய் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்ததும் கோக்கை அழைத்தார்கள். டிசம்பரில் கிம்பர்லியில் வேலையைத் தொடங்கினார். சில மாதங்களில் ஒரு வழி கண்டார். நோயால் செத்த மாட்டின் பித்தநீரை எடுத்து நல்ல மாட்டுக்குப் போட்டால் எதிர்ப்புச் சக்தி வந்தது. ஆபத்தும் குறையும் உள்ள முறைதான். ஆனாலும் அன்றைக்கு அதுவே பெரிய ஆறுதல். நோய்க்குக் காரணமான கிருமியை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. அது வைரஸ் என்பதால் அவருடைய நுண்ணோக்கிக்குள் சிக்க வழியே இல்லை.

1897-ல் பிளேக் ஆராய்ச்சிக்காக பம்பாய் வந்த கோக், குமாவுன் மலையில் உள்ள முக்தேசருக்கும் போனார். மாட்டு நோய்களுக்காக 1889-ல் புனேயில் தொடங்கி 1893-ல் முக்தேசருக்கு மாறிய ஆய்வகம் அங்கே இருந்தது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாய்வீடு. அந்த ஆய்வகத்தில்தான் 1920-களில் ஜே.டி. எட்வர்ட்ஸ் ஆட்டின் உடம்பில் வெக்கை வைரஸை வளர்த்து வீரியம் குறைத்து, மாட்டுக்கு ஏற்ற தடுப்பூசி செய்தார்.

இந்தத் தொடரில் நம்ம பக்கத்து ஊரும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் வருகிற ராணிப்பேட்டையில், 1932-ல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். முதல் வேலையே வெக்கை நோய்க்கு மருந்து தயாரிப்பது. இன்று அது கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். ஊர் மாடுகளுக்குப் போடும் பல ஊசிகள் அங்கிருந்துதான் வருகின்றன.

லண்டனில் சொன்ன தப்பு

1901 ஜூலை, லண்டனில் காசநோய் மாநாடு. உலகமே கோக் வாயிலிருந்து என்ன வரும் என்று காத்திருந்தது. மாட்டுக் காசநோய் மனிதனுக்கு வருவது மிக மிக அபூர்வம், அதைத் தடுக்கப் பெரிய நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று அவர் அறிவித்தார்.

ஏன் அப்படிச் சொன்னார்? மனிதக் காசநோய்க் கிருமியை மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மாடுகளுக்கு நோய் வரவில்லை. ஆகவே இரண்டும் வேறு வேறு, ஒன்று மற்றொன்றைத் தாக்காது என்று முடிவு செய்தார். ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மனிதனிலிருந்து மாட்டுக்குப் போகவில்லை என்பது, மாட்டிலிருந்து மனிதனுக்கு வராது என்பதற்குச் சாட்சி ஆகாது. ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கம் வண்டி வராது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பிரிட்டிஷ் அரசு அவர் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷமே ஒரு ஆணையம் போட்டது. பத்து வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு 1911-ல் இறுதி அறிக்கை வந்தது. மாட்டுக் காசநோய் மனிதனுக்கு வரும், முக்கியமாகப் பச்சைப் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு வரும் என்று அது சொன்னது. கோக் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1908-ல் வாஷிங்டன் மாநாட்டிலும் அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1905-ல் நோபல் பரிசு வாங்கிய மனிதர் சொன்னதால், பால் விஷயத்தில் அலட்சியமாக இருக்க நினைத்தவர்களுக்கு அது ஒரு சாக்காகக் கிடைத்தது.

முதலைகளைக் கொல்லலாமா?

1906-ல் கோக் விக்டோரியா ஏரியின் செசே தீவுகளுக்குப் போனார். தூக்க நோய் அங்கே ஊர்களைக் காலி செய்துகொண்டிருந்தது. டிஸெட்சி என்ற ஈ கடித்துப் பரப்பும் ஒட்டுண்ணி அது. அதற்கு முன்பே டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர், இதே வகை ஒட்டுண்ணி மாட்டுக்கு நகானா என்ற நோயைத் தருவதையும், காட்டு விலங்குகள் நோய் இல்லாமலேயே அதைச் சுமப்பதையும் காட்டியிருந்தார்.

கோக் ஆர்சனிக் கலந்த ஆடாக்சில் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு நோய் குறைந்தது, சிலருக்குக் கண் பார்வையே போனது. இன்னொரு பக்கம், ஏரிக்கரை ஈக்கள் முதலைகளின் ரத்தத்தைக் குடிப்பதைக் கவனித்தார். கரையோரப் புதர்களை வெட்டுங்கள், முதலைகளை ஒழியுங்கள் என்று பரிந்துரைத்தார்.

முதலையை முழுதாக ஒழிக்கும் அளவுக்குக் காரியம் போகவில்லை. ஆனால் காட்டு விலங்கைச் சுட்டால் நோய் ஒழியும் என்ற எண்ணம் நின்றுவிட்டது. பின்னாளில் தெற்கு ரொடீஷியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், டிஸெட்சியை ஒழிக்க லட்சக்கணக்கான காட்டு விலங்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள்.

கோக் நோயின் கிருமியைக் கண்டுபிடிப்பதில் மேதை. அந்தக் கிருமி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது தனிக் கேள்வி. அதற்குக் கண்ணாடித் தகடு போதாது. மேய்ச்சலையும் தண்ணீரையும் வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு அவருக்கு நேரம் மிச்சம் இருக்கவில்லை. 1910 மே 27 அன்று பாடன் பாடன் நகரில் இதய நோயால் இறந்தார். வயது 66. அஸ்தியை பெர்லினில் அவர் பெயரிலான நிறுவனத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

முதுமலை சொன்ன பதில்

அவர் விட்டுப்போன கேள்விக்குப் பதில் சொன்ன இடங்களில் நம்ம முதுமலையும் ஒன்று. 1968-ல் முதுமலையிலும் பந்திப்பூரிலும் காட்டுமாடுகள் கூட்டமாகச் செத்தன. வெக்கை நோய்தான். காட்டுக்குள் மேயப் போன ஊர் மாடுகளும் காட்டுமாடுகளும் ஒரே புல்லையும் ஒரே குட்டைத் தண்ணீரையும் பங்கிட்ட இடம் அது. அன்று விழுந்த எண்ணிக்கை மீண்டு வர நீண்ட காலம் பிடித்தது.

அதே காலத்தில் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியிலிருந்து ஒரு ஆச்சரியமான பதில் வந்தது. சுற்றியிருந்த மாடுகளுக்கெல்லாம் வெக்கை தடுப்பூசி போட்டார்கள். காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடவில்லை. இருந்தும் காட்டில் நோய் மறைந்தது. 1960-களின் தொடக்கத்தில் சுமார் 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் மான்கள், 1970-களின் இறுதியில் 13 லட்சத்தைத் தொட்டன. அதாவது நோயைத் தக்க வைத்துக்கொண்டிருந்தது காடு இல்லை, தொழுவம். காட்டு விலங்கு பலியாகிக்கொண்டிருந்ததே தவிர, மூலமாக இல்லை. சுட்டிருந்தால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

இந்தப் பாதையில்தான் இந்தியாவும் போனது. 1954-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாடு மாடாகத் தேடி ஊசி போட்டார்கள். நாட்டின் கடைசி வெக்கை நோய் பதிவானது 1995-ல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில். அதாவது ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து மாவட்டம். 2006-ல் இந்தியா நோயற்ற நாடு என்று அங்கீகாரம் கிடைத்தது. 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முழுதாக ஒழித்த இரண்டாவது நோய் இது.

காசநோய்க் கதை மட்டும் முடியவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் எடுத்த 940 கிருமி மாதிரிகளை மரபணு வரை ஆராய்ந்து 2020-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அதில் ஏழு மாதிரிகளில் இருந்தது மைக்கோபாக்டீரியம் ஓரிஜிஸ் என்ற கிருமி. ஓரிக்ஸ் என்ற மான் இனத்தின் பெயரால் வந்த பெயர் அது. சென்னையில் ஒரு மாட்டிலும் இதே கிருமி கிடைத்திருக்கிறது. இந்தியாவில் காட்டு விலங்குகளிலும் கண்டிருக்கிறார்கள். ஏழு என்பது சின்ன எண்தான். ஆனால் மானுக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் நடுவே வேலி இல்லை என்று சொல்ல அந்த ஏழு போதும்.

திசை எப்போதும் காட்டிலிருந்து நம் பக்கம்தான் என்று நினைத்தால் இன்னொரு சம்பவம். 2021 ஜூனில் இதே சாலையின் தொடக்கத்தில் இருக்கும் வண்டலூர் பூங்காவில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. இரண்டு சிங்கங்கள் இறந்தன. மனிதனுக்குள் ஓடிக்கொண்டிருந்த நோய் கூண்டுக்குள்ளும் போனது.

சரி, ஒரகடத்தில் நாம் என்ன செய்யலாம்?

மாடு வளர்க்காதவருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஏனென்றால் காலை டீயில் இருக்கும் பால் இந்தச் சுற்றுவட்டார மாட்டினுடையதாகவும் இருக்கலாம்.

பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். கறந்த பால் சத்து என்று பச்சையாகக் குடிப்பது, கோக் 1901-ல் செய்த தப்பை நாம் மறுபடி செய்வது.

திடீரென்று செத்துக் கிடக்கும் மாட்டையோ மானையோ தொடாதீர்கள், அறுக்க விடாதீர்கள், தோல் உரிக்க விடாதீர்கள். மாடு என்றால் 1962 என்ற கால்நடை அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். மான், பன்றி என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். டாக்டர் பார்த்தபிறகு ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதுதான் முறை. ஏரிக்கரையில் வீசுவது, கால்வாயில் தள்ளுவது இரண்டும் வித்து விதைக்கிற வேலை.

மாடு வைத்திருக்கும் வீடு என்றால், கோமாரி ஊசி முகாமைத் தவறவிடாதீர்கள். வெக்கை நோய் ஒழிந்தது ஒவ்வொரு தொழுவத்திலும் ஊசி போட்டதால்தான். முடிந்தவரை மாட்டுக்கு வீட்டுத் தொட்டியிலேயே தண்ணீர் காட்டுங்கள். தீவனத்தையும் வைக்கோலையும் காட்டுப்பன்றி கிளறாத மாதிரி மூடி வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மாட்டோடு பழகுபவர் என்றால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, மேய்க்கால் புறம்போக்கு என்று பழைய வருவாய்க் கணக்கில் ஒரு வகை நிலம் உண்டு. ஊர் மாடுகள் மேய்வதற்கென்று ஒதுக்கியது. அது இருந்தவரை மாட்டுக்கு ஒரு இடம், மானுக்கு ஒரு இடம் என்று தூரம் தானாகவே இருந்தது. அது குறையக் குறைய அந்தத் தூரமும் குறைகிறது. ஊசியும் காய்ச்சிய பாலும் நம்மைக் காக்கும். ஏரிக்கரையில் கொஞ்சம் புல்லும் கொஞ்சம் இடைவெளியும் மிச்சம் வைத்தால், அந்த ஊசிக்கு வேலை குறையும்.

வொல்ஸ்டைன் விவசாயி தன் நிலத்தை ராசி இல்லாதது என்றார். கோக் குனிந்து பார்த்து, ராசியில் ஒன்றுமில்லை, மண்ணில்தான் இருக்கிறது என்று காட்டினார். அடுத்த முறை ஷிப்ட் பஸ் ஜன்னலிலிருந்து அந்த மாடுகளைப் பார்க்கும்போது, அவை என்ன மேய்கின்றன, எங்கே குடிக்கின்றன, கூட யார் குடிக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நாமும் பார்க்கலாம்.